டாங்குக்குச் சுண்ணாம்பு

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெரியப்பாவும் நானும் சரக்கு ஏற்றக் காத்திருந்த தெருமுனையில் ஒரு பெண் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தார். 2016 மே மாதம். கத்திரி வெயிலுக்கு நடுவே ஒரு தூறல் விழுந்து ஓய்ந்த காலை நேரம். அவர் வேகமாக வரவில்லை. வளைவில் பிரேக்கைத் தொட்டார், பின்சக்கரம் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடிவிட்டது. முழங்கையும் முழங்காலும் சிராய்த்து ரத்தம் வந்தது. டிபன் டப்பா திறந்துகொண்டு எலுமிச்சை சாதம் ரோடெல்லாம் சிதறியது. எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது அந்த மஞ்சள் சோறுதான்.

தூக்கிவிட ஓடினேன். டீக்கடைக்காரர் ஒரு சட்டி மணலோடு எனக்கு முன்னால் வந்துவிட்டார். "தம்பி, கால அங்க வெக்காத, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே மணலை இறைத்தார். ஈரத் தாரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு கோடு. கோட்டின் வழியே பார்வையை ஓட்டினால் அது எங்கள் பிக்கப்பின் வயிற்றுக்கடியில் போய் முடிந்தது.

"உங்க வண்டிதாண்ணா ஒழுகுது" என்றார் அந்தப் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெரியப்பா பதில் பேசாமல் ஆட்டோவை நிறுத்தி, அவரைப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். கட்டுப் போட்டு, ஊசி போட்டு, வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் அன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. சரக்கை வேறு ஒருவரின் 'குட்டி யானை' சிறு லாரியில் ஏற்றி அனுப்பினார்.

பெரியப்பாவுக்குத் தொழிலே அந்த ஓட்டம்தான். பேட்டையின் லேத் பட்டறையில் கடைந்த சாமான் பிளேட்டிங் கடைக்குப் போகும், அங்கிருந்து பவுடர் கோட்டிங்குக்கு, பிறகு பாடியில் இருக்கும் பெரிய கம்பெனிகளின் வாசலுக்கு. டி.சி. சீட்டை, அதாவது டெலிவரி சலானை, வாங்கிப் பத்திரப்படுத்துவதும், இறக்கும்போது எண்ணிக் கொடுப்பதும் என் வேலை. கல்லூரி விடுமுறை. பேருந்து நிறுத்தங்களுக்கே டன்லப், லூகாஸ், பிரிட்டானியா என்று கம்பெனிப் பேர் வைத்துக் கூப்பிடும் ஊர் எங்களுடையது. ஷிப்டு மாறும் நேரத்தில் அந்தத் தெருக்களில் கார்களைவிட இருசக்கர வண்டிகள்தான் அதிகம்.

ஒழுகல் எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மூன்று வாரமாகவே வண்டியைச் சுற்றி டீசல் நாற்றம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 11-க்கும் கீழே இறங்கியிருந்தது. இரண்டு முறை சரிபார்த்தும் விட்டோம். முதல் மெக்கானிக் ரிட்டர்ன் பைப்பின் முனையில் சொட்டு நிற்பதைப் பார்த்து ரப்பர் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றினார். இரண்டு நாள் கழித்து மறுபடி ஈரம். இரண்டாமவர் டாங்கின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டிலிருந்து சொட்டுவதைக் காட்டி செம்பு வாஷரை மாற்றினார். ஒரு வாரம் நன்றாக இருப்பதாகத் தோன்றியது. அந்த வாரம் நாங்கள் டாங்கை அரைகுறையாகவே நிரப்பியிருந்தோம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. விழுந்த பெண்ணைப் பார்க்கும்வரை, ஒழுகுவது எங்கள் காசு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

பெட்ரோல் சிந்தினால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போய்விடும். டீசல் போகாது. தாரின் துளைகளில் எண்ணெய்ப் படலமாக உட்கார்ந்திருக்கும். வெயிலில் அது தெரியாது. ஒரு தூறல் விழுந்ததும் தண்ணீர் அதை மேலே தூக்கிவிடும். நாலு சக்கர வண்டி அதன்மேல் போனால் ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இரண்டு சக்கரத்தில் வருபவர் சாய்ந்து திரும்பும்போதுதான் அது காலை வாரும்.

அன்று மாலை பெரியப்பா நேராக சார்ஜ்மேன் தாத்தாவின் வீட்டுக்குப் போனார். நாங்கள் திருமுல்லைவாயலில் குடியிருந்தோம். அவர் இரண்டு தெரு தள்ளி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1961-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் 1965-ல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் அதை டாங்க் ஃபேக்டரி என்றுதான் சொல்வார்கள். தாத்தாவின் பேர் தெருவில் பலருக்குத் தெரியாது, பதவிப் பேரே பேராகிவிட்டது.

"அண்ணே, ரெண்டு பேர் பார்த்துட்டாங்க, நிக்கல" என்றார் பெரியப்பா.

தாத்தா வண்டியைப் பார்க்க எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்று கேள்வி கேட்டார். வண்டி ஓடும்போது ஒழுகுதா, நிக்கும்போதும் ஒழுகுதா? டாங்க் ரொம்பியிருக்கும்போதா, காலியாகும்போதா? காலையில ஸ்டார்ட் பண்ண கஷ்டமா இருக்கா? மூன்றுக்கும் எங்களிடம் உறுதியான பதில் இல்லை.

"அப்புறம் எதை வெச்சுடா ஹோஸ் மாத்துனீங்க?"

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. டீசல் எஞ்சினின் பம்ப் தான் எரிப்பதைவிடக் கூடுதலாக இழுத்து, மிச்சத்தை ரிட்டர்ன் பைப் வழியே டாங்குக்குத் திருப்பி அனுப்பும். ரிட்டர்ன் பைப்பில் கோளாறு என்றால் எஞ்சின் ஓடும்போது ஒழுக வேண்டும், நிறுத்தியதும் நிற்க வேண்டும். டாங்கிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு பைப்பில் விரிசல் என்றால் டீசல் வெளியே வருவதற்கு முன்னால் காற்று உள்ளே போகும். வண்டி ஏர் எடுக்கும், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது ஒழுகுகிறது என்றால் டாங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

"சொட்டுற எடத்த பாக்காத. எங்க ஒழுகினாலும் அது கீழ எறங்கி, கடைசியா தாழ்வான எடத்துலதான் சொட்டும். டிரெயின் போல்ட்டுதான் ஆகத் தாழ்வு. அதனால பழி அது மேல விழுது."

அடுத்த ஐந்து இரவு எங்கள் வீட்டு வாசலில் ஒரு சோதனை நடந்தது. சமதரையில் வண்டியை நிறுத்தி, அடியில் பெரிய அட்டையை விரித்து, நடுவே ஒரு அலுமினியத் தட்டு. நிரப்பும் வாய் வழியாக ஒரு மூங்கில் குச்சியை விட்டு டீசல் மட்டத்தை அளந்து கோடு போடுவேன். காலையில் தட்டில் இருப்பதை அம்மாவின் பழைய மருந்துக் குவளையில் ஊற்றி அளப்பேன். முழு டாங்க் இருந்த முதல் இரவு 400 மில்லி. பகலில் வண்டி ஓடும், மட்டம் இறங்கும். மூன்றாம் இரவு பாதி டாங்கில் 150 மில்லி. நான்காம் இரவு தட்டின் அடிப்பகுதி நனைந்திருந்தது, அவ்வளவுதான். ஐந்தாம் இரவு குச்சியில் மட்டம் நான்கு விரலுக்குக் கீழே. காலையில் அட்டை காய்ந்து கிடந்தது.

நோட்டுப் புத்தகத்தைத் தாத்தாவிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "ஏரி மதகு பாத்திருக்கியா? ஏரி ரொம்பியிருந்தா மதகுல தண்ணி பாயும். கொறய கொறய வேகம் கொறயும். மதகு மட்டத்துக்குக் கீழ போய்ட்டா ஒரு சொட்டு வராது. உன் ஓட்டை அடியில இருந்து நாலு விரல் மேல இருக்கு." அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு என்று ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது. வண்டியில் ஒரு ஸ்பானரும் படாமல், டிரெயின் போல்ட் குற்றமற்றது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டாங்கைக் கழற்றினோம். முதலில் பேட்டரி வயரை எடுத்தோம். மிச்ச டீசலை கேன்களில் வடித்தோம். உறிஞ்சு பைப், ரிட்டர்ன் பைப், காற்றுக்குழாய், கேஜ் வயர், நிரப்பும் ஹோஸ் ஒவ்வொன்றையும் அவிழ்த்து முனைகளைத் துணியால் கட்டினோம். டாங்கைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு இரும்புப் பட்டைகளில் முன்பட்டை சுலபமாக வந்துவிட்டது. பின்பட்டையின் நட்டு துருவேறி இறுகியிருந்தது. அது கழன்றபோது பட்டைக்கும் டாங்குக்கும் நடுவிலிருந்து சாம்பல் நிறத்தில் மண் கட்டி கட்டியாக விழுந்தது.

அது 2015 டிசம்பர் மண். அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது, பிக்கப் சக்கரம் மூழ்க அதில் நின்றது. வடிந்த பிறகு எஞ்சின் ஆயிலை மாற்றினோம், பிரேக்கைப் பார்த்தோம், சீட்டை வெயிலில் காயவைத்தோம். பட்டைக்கு அடியில் யாரும் பார்க்கவில்லை. அங்கே இருக்க வேண்டிய ரப்பர் பட்டி எப்போதோ நைந்து போயிருந்தது. அந்த இடத்தில் வண்டல் புகுந்து இறுகிவிட்டது. பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஐந்து மாதம் தகட்டைத் தின்றிருக்கிறது. ஓடும்போதெல்லாம் பட்டை அதிர்ந்து பெயின்டை உரசி எடுத்திருக்கிறது. விரலால் தடவினால் தகடு அம்மைத் தழும்பு போல இருந்தது. ஆனால் ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை.

டாங்கை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியப்பாவும் நானும் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பார்த்த உடனே வெல்டர் ஹோல்டரில் ராடைச் சொருகினார். "டீசல்தானே, பெட்ரோல் மாதிரி குப்புனு பிடிக்காது. அஞ்சு நிமிஷ வேலை" என்றார். பெரியப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டார். என்னிடம் தாத்தா காலையில் சொல்லி அனுப்பிய ஒரே வார்த்தை காதில் இருந்தது: "கழுவாம நெருப்பு வெக்காத." அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். வெல்டர் சிரித்தார். பெரியப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு டாங்கைத் தூக்கிக்கொண்டார்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிப் பிறகு நிறையப் படித்தேன். டீசல் தீப்பிடிக்காது என்பது நம் பட்டறைகளில் ஊறிப்போன எண்ணம். எந்த வெப்பத்தில் ஓர் எண்ணெயின் ஆவி ஒரு பொறிக்குப் பற்றுமோ அதை ஃப்ளாஷ் பாயிண்ட் என்கிறார்கள். நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் டீசலுக்கு அது குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சென்னையில் கத்திரி வெயில் 40-ஐத் தொடும். நிழலில் வைத்த டாங்கில் இருப்பது எண்ணெயாக இருக்கலாம். வெயிலில் வந்த காலி டாங்கில் இருப்பது வெடிமருந்து. நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க் ஆபத்து, ஏனென்றால் ஆவியும் காற்றும் கலக்க அதில்தான் இடம் இருக்கிறது. மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கைப்பிடி டீசல் போதும். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகி டாங்கை நிரப்பும், பிறகு தகடு பிளந்து எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில்தான் அடிக்கும். அந்த வெல்டர் கெட்டவர் இல்லை. அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருடைய உயிரைப் பணயம் வைத்து எங்கள் வேலையை முடித்துக்கொள்ள இருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

டாங்க் மறுபடி தாத்தா வீட்டு வாசலுக்கு வந்தது. அவர் என்னைக் கடைக்கு அனுப்பிச் சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னார். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் அதே சுண்ணாம்பு. கம்பி பிரஷ்ஷால் கையாலேயே துருவைத் தேய்த்தெடுத்து, துணியால் துடைத்து, பட்டை இருந்த இடம் முழுக்கச் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசினோம். வெயிலில் பத்து நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று காய்ந்தது. பிறகு டாங்குக்குள் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி, பூசிய பக்கம் கீழே வரும்படி சாய்த்து வைத்தோம்.

"தண்ணி ஊத்திப் பாத்தா போதாதா தாத்தா?"

"தண்ணி தடி. ஊசி ஓட்டையில நுழையாது. மண்ணெண்ணெய் எல்லாத்துலயும் நுழையும்."

தண்ணீரின் பரப்பு இழுவிசை மண்ணெண்ணெயைவிட இரண்டரை மடங்குக்கு மேல். தாத்தாவின் 'தடி' என்ற சொல்லுக்குள் அது முழுவதும் அடங்கியிருந்தது. ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெல்டிங் ஓட்டம் சரியா என்று பார்க்க இது பழைய முறை. ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் மண்ணெண்ணெய். கருவி எதுவும் வேண்டாம், காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

காத்திருந்தோம். பெரியப்பா பீடியை எடுத்தார், தாத்தா ஒரு பார்வை பார்த்ததும் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டார். இருபது நிமிடம் இருக்கும். வெள்ளையில் ஒரு கடுகளவு பழுப்புப் புள்ளி. பிறகு சற்றுத் தள்ளி இன்னொன்று. மூன்றாவது அதற்கு மேலே. மூன்றும் பொட்டளவு பெரிதாகி, நனைந்து, கீழ்நோக்கி வழியத் தொடங்கின. மிகத் தாழ்வாக இருந்த புள்ளியைத் தாத்தா டாங்கின் அடியிலிருந்து விரல் வைத்து அளந்தார். நான்கு விரல். அந்த மகிழ்ச்சியை நான் எந்தத் தேர்வு முடிவிலும் அடைந்ததில்லை.

மண்ணெண்ணெயை வடித்த பிறகு கழுவும் வேலை. கொதிக்கும் தண்ணீரில் சலவை சோடா கரைத்து ஊற்றி, ஒரு கை ஜல்லியும் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். முதல் தடவை கறுப்பாகக் கொழகொழவென்று வந்தது. டீசலோடு சேரும் தண்ணீர் அடியில் தங்கும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து டீசலையே தின்று பெருகும். எங்கள் வண்டியின் ஃபில்டர் அதுவரை அடிக்கடி அடைத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். நாற்றம் போகும்வரை மூன்று தடவை கழுவினோம். கழுவிய நீரைச் சாக்கடையில் விடத் தாத்தா சம்மதிக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சாக்கடைகள் கடைசியில் போய்ச் சேர்வது ஏரியில். ஒரு பழைய டிரம்மில் பிடித்து வைத்து, கழிவு ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுத்தோம்.

பற்றவைத்தவர் அம்பத்தூரில் ஒரு ரேடியேட்டர் கடைக்காரர். டாங்கைக் கையில் வாங்கியதும் வாயை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அதைப் பார்த்ததுமே சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. கழுவித்தான் கொண்டு வந்தோம் என்று சொல்லியும், ஓட்டைகள் மேலே வரும்படி டாங்கைத் திருப்பி, அந்த இடத்துக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினார். ஆவி தங்க இடமே வைக்கவில்லை. மூடியைத் திறந்தே வைத்தார். பளபளவென்று தேய்த்து, நவச்சாரம் தொட்டு, காய்ச்சிய செம்புக் கட்டையால் முதலில் தகட்டுக்கு ஈயம் பூசினார். பிறகு உள்ளங்கை அளவு இரும்புத் தகடு ஒன்றை வெட்டி அதன்மேல் வைத்து ஓரமெல்லாம் ஈயத்தால் அடைத்தார். மூலையில் ஜி.ஐ. தகடு கிடந்தது, அதை எடுக்கலாமே என்றேன். துத்தநாகம் டீசலோடு ஒத்துப்போகாது, கசடாகி ஃபில்டரை அடைக்கும் என்றார். ஈயப்பற்று உருக இருநூறு டிகிரிக்குப் பக்கமான சூடு போதும், இரும்பை உருக்க ஆயிரத்தைந்நூறு வேண்டும். அரிக்கப்பட்டு மெலிந்த தகட்டுக்குக் குறைந்த சூடுதான் நல்லது. வெல்டிங் வைத்திருந்தால் மூன்று ஓட்டை முப்பதாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து சோப்பு நுரை பூசி, சைக்கிள் பம்பால் நாலே அடி காற்று அடித்துப் பார்த்தோம். கம்ப்ரசர் வைத்தால் டாங்க் பலூன் மாதிரி உப்பிவிடும். ஒரு குமிழிகூட எழவில்லை. ரெட் ஆக்சைடும் பெயின்டும் அடித்து, பட்டைகளுக்குப் புது ரப்பர் பட்டி வைத்து ஏற்றினோம். பைப்பை மாட்டிய பிறகு ஃபில்டரின் மேல் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப் அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுத்தேன். இரண்டாவது சுற்றில் வண்டி கிளம்பியது. கூலி, ரப்பர், வாஷர், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மறுநாள் காலை பெரியப்பா டாங்கை முழுக்க நிரப்பிக்கொண்டு தொழிற்பேட்டைக்கு வந்தார். அதே தெருமுனையில் நிறுத்தி, அடியில் செய்தித்தாளை விரித்தார். டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். அரைமணி நேரம் கழித்துத் தாளை எடுத்து டீக்கடைக்காரரிடம் நீட்டினார். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, வண்டிய இங்கயே போட்டுக்கோ" என்றார். அந்தப் பெண்ணின் கம்பெனி வாசலிலும் பெரியப்பா ஒருநாள் போய் நின்றார். கட்டுப் பிரித்து வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று செக்யூரிட்டி சொன்ன பிறகுதான் அவர் பழையபடி பேச ஆரம்பித்தார்.

அந்த வண்டி 2022 வரை எங்களிடம் ஓடியது. விற்கும்போதும் அதே டாங்க், அதே ஈயப்பற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மறுபடி நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு ஒரு நண்பனின் பட்டறையைச் சுத்தம் செய்ய உதவப் போனேன். தெருவோரம் வரிசையாகப் பிக்கப்புகளும் குட்டி யானைகளும், டாங்க் உயரத்துக்கு வண்டல் கோடு போட்டபடி நின்றன. எஞ்சினைத் திறந்து வைத்திருந்த ஓட்டுநர்களிடம் போய், பட்டையை அவிழ்த்து மண்ணை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். இரண்டு பேர் உடனே ஸ்பானரை எடுத்தார்கள்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். டாங்கைப் பற்றவைக்கக் கொடுத்தால், கழுவாமல் நெருப்பு வைக்க விடாதீர்கள். ரோட்டில் டீசல் சிந்தியிருப்பதைக் கண்டால், அது யாருடையதானாலும், இரண்டு கை மண் அள்ளிப் போடுங்கள். காலையில் வண்டியை நகர்த்திய பிறகு, அது இரவெல்லாம் நின்ற இடத்தை ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.